மரங்களுக்கிடையே நீந்தும் மீன்கள்

கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்கு நான் முதன்முதலில் சென்றது 2018ஆம் ஆண்டில். பயண நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்த குழுப்பயணம் அது. மொத்தம் மூன்று நாட்கள், அதில் அங்கோர் கோயில்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு நாள். விடிகாலை நாலரை மணிக்கு எங்களை எழுப்பி, அங்கோர் வாட் கோயிலின் முன்னுள்ள குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் வானம் சிவந்தபோது எங்களைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானவர்களின் கைப்பேசிகள் ஒன்றாக மேலே எழுந்தன. நானும் படம் எடுத்தேன். மதியத்துக்குள் இன்னும் இரண்டு கோயில்களைப் பார்த்து முடித்து, பிற்பகலில் ஒரு பட்டுக்கடைக்கும் ஒரு நகைக்கடைக்கும் அழைத்துச் செல்லப்பட்டோம். கோயில்களில் கழித்த நேரத்தையும் அந்த இரண்டு கடைகளில் கழித்த நேரத்தையும் பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

அன்று காலை பயோன் கோயிலின் தெற்கு வெளிச்சுற்றில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். கம்போடியப் பெரும்பான்மை மக்களான கெமர்களின் படைக்கும் அன்றைய அண்டை நாடான சம்பாவின் படைக்கும் நடந்த நீர்ப்போரை அங்கே சுவர் நெடுகச் செதுக்கியிருக்கிறார்கள். படகுகளுக்குக் கீழே மீன்கள் நீந்துவதில் வியப்பில்லை. ஆனால் அந்த மீன்கள் மரங்களுக்கிடையிலும் நீந்திக்கொண்டிருந்தன. அடிமரத்துக்கும் இலைகளுக்கும் நடுவே, கிளையோடு உரசிக்கொண்டு, செதில் செதிலாகக் கவனமாகச் செதுக்கப்பட்ட மீன்கள். அருகில் நின்ற ஒருவரிடம் காட்டினேன். "சிற்பியின் கற்பனைதான்" என்றார். எனக்கும் அது போதுமான விளக்கமாகத் தோன்றியது. குழுவின் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி அடுத்த வாயிலைத் தாண்டிவிட்டிருந்தார்; ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டோம்.

ஊர் திரும்பிய பிறகு அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டதாகப் பலரிடமும் சொன்னேன். எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்குப் படத்தைக் காட்டியதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் குறை நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் 2023 செப்டம்பர் இறுதியில், இருபத்துமூன்று நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே ஊருக்குத் தனியாகப் போனேன். மழைக்காலத்தின் கடைசிப் பகுதி அது. பயணம் செய்ய உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்டின் வாழ்க்கை நீரைச் சுற்றி அமைந்த ஒன்று. நீர் இல்லாத காலத்தில் போய் அதைப் புரிந்துகொள்வது கடினம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நகரத்தின் ஓரத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. பாட்டியோடு அவருடைய பேத்தியும் இருந்தார். பேத்திக்கு ஆங்கிலம் தெரியும். முதல் வாரம் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. தெருவிலும் சந்தையிலும் நடந்தேன், மழை வந்தால் ஒதுங்கினேன், என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்தேன். கெமர் மொழியில் யாரையும் பெயர் சொல்லியோ வெறும் "நீங்கள்" என்றோ அழைப்பது அரிது. உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறார்கள். நம்மைவிட மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் "போங்", அம்மாவின் வயதை ஒட்டியவர் "மிங்", பாட்டி "யேய்", தாத்தா "தா". அண்ணே, அக்கா, அத்தை என்று அழைத்தே வளர்ந்த எனக்கு இந்த முறை இரண்டே நாளில் வாயில் வந்துவிட்டது. அதுவரை விலையை மட்டும் விரல்விட்டுக் காட்டிக்கொண்டிருந்த காய்கறிக்காரப் பெண்மணி, நான் "மிங்" என்று அழைத்த அன்று கையை முந்தானையில், அதாவது தோளில் கிடந்த கட்டம்போட்ட க்ரமா துண்டில், துடைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "ஞாம் பாய் ஹவுய் நௌ?" என்றார். சோறு சாப்பிட்டாயிற்றா என்பது அதன் பொருள். நலம் விசாரிப்பதற்கு அவர்கள் அன்றாடம் சொல்வது இதைத்தான். நம் ஊரில் வாசலில் நின்று "சாப்டாச்சா?" என்று கேட்பதற்கு இதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

காலை உணவுக்கு நும் பன் சொக். ஊறவைத்த அரிசியை அரைத்து, துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வடித்து, அந்த மாவைப் பதப்படுத்தித் துளைகளின் வழியே கொதிநீரில் பிழிந்து எடுக்கும் அரிசி நூல். இடியாப்பம் போலத்தான் தோன்றும், ஆனால் ஆவியில் வேகாமல் நீரில் வெந்து, குளிர்ந்த நீரில் அலசப்படுவதால் வழுவழுப்பாக இருக்கும். மாவு சற்றுப் புளிப்பதால் மெல்லிய புளிப்புச் சுவையும் உண்டு. அதன் மேல் எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் மீனும் சேர்த்து அரைத்த பச்சைநிறக் குழம்பை ஊற்றி, வாழைப்பூவையும் அல்லித்தண்டையும் பச்சையாக நறுக்கித் தூவித் தருவார்கள். பாட்டி வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் ஒரு மிங், வாழையிலை விரித்த கூடையில் அந்த நூல்களைச் சிறுசிறு வளையங்களாகச் சுருட்டி அடுக்கி வைத்திருப்பார். பத்து மணிக்கு மேல் போனால் கூடை காலியாகியிருக்கும். முதல் நாள் குழம்பிலிருந்து எழுந்த ப்ரஹொக்கின் வாடையை என்னால் தாங்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உப்பிட்டு நொதிக்கவைத்த மீன்விழுது அது. ஐந்தாம் நாள் அது இல்லாத குழம்பு சப்பென்று இருப்பதாக நாக்கே சொன்னது. மூன்று நாள் பயணத்தில் இந்த ஐந்தாம் நாள் வருவதே இல்லை.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் கம்பொங் ப்லுக் என்ற கிராமத்துக்குப் போனேன். தோன்லே சாப் ஏரியின் வெள்ளப்பரப்பில், ஆறேழு மீட்டர் உயரக் கால்களின் மேல் வீடுகள் நிற்கும் ஊர். அங்கே போவதற்கு முன் அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து புறப்படும் தோன்லே சாப் ஆறு தெற்கே ஓடி, தலைநகர் புனோம் பென்னில் மேகோங் ஆற்றோடு கலக்கிறது. மழைக்காலத்தில் மேகோங்கில் வெள்ளம் பெருகும்போது அதன் நீர்மட்டம் ஏரியைவிட உயர்ந்துவிடுகிறது. அதனால் தோன்லே சாப் ஆறு தன் திசையை மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஏரிக்குள் பாய்கிறது. ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரை இப்படி. கோடையில் 2,500 முதல் 3,000 சதுர கிலோமீட்டர் வரை சுருங்கிக் கிடக்கும் ஏரி, அப்போது நான்கைந்து மடங்கு விரிந்துவிடும்; ஒரு மீட்டர் ஆழம் இருந்த இடத்தில் எட்டு மீட்டருக்கு மேல் நீர் நிற்கும். மழை ஓய்ந்து மேகோங் தணிந்ததும் ஆறு மறுபடி திரும்பி ஓடத் தொடங்கும். ஏரிக்கரைக் காடு முழுவதும் பல மாதங்கள் நீருக்குள் நிற்கிறது. மீன்கள் அந்தக் காட்டுக்குள் புகுந்து இனப்பெருக்கம் செய்கின்றன. நீரில் விழும் இலையும் பழமும் அவற்றுக்கு இரை.

இதையெல்லாம் புறப்படுமுன்பே படித்திருந்தேன். ஆனால் படித்தது கண்ணுக்குள் இறங்கவில்லை. ஊரைத் தாண்டியதும் பெரிய படகிலிருந்து ஒரு சிறிய துடுப்புப் படகுக்கு மாறினோம். ஓட்டியவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மோட்டார் சத்தம் பின்தங்கிய பிறகு, துடுப்பு நீரை விலக்கும் ஓசை மட்டுமே கேட்டது. எங்கள் தோள் உயரத்தில் மரங்களின் உச்சிக்கிளைகள் இருந்தன. அவற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஒரு கிளையில் முடிந்திருந்த நைலான் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த வலை மேலே வந்தது. இலைச் சருகும் சேறும் ஒட்டியிருந்த கண்ணிகளில், விரல் நீளத்தில் வெள்ளி நிற மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகச் செவுளைப் பிடித்து விடுவித்து, படகின் அடியில் தேங்கியிருந்த நீரில் போட்டார். "த்ரெய் ரியெல்" என்றார். த்ரெய் என்றால் மீன். ரியெல் என்பது அவர்கள் நாட்டு நாணயத்தின் பெயரும்கூட. அந்த நேரத்தில்தான் பயோன் சுவர் நினைவுக்கு வந்தது. கோடையில் பறவை உட்காரும் கிளை இது. இப்போது மீன் நீந்தும் கிளை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிற்பி கற்பனை எதையும் செதுக்கவில்லை. அவன் பார்த்ததைச் செதுக்கியிருக்கிறான். நான்தான் பார்க்காமல் போயிருந்தேன்.

மறுநாளே பயோனுக்குப் போனேன். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாட்களுக்கு 62, ஏழு நாட்களுக்கு 72. ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள் விரும்பிய ஏழு நாட்களில் பயன்படுத்தலாம் என்பதால், போக நினைப்பவர்கள் தயங்காமல் அதையே வாங்குங்கள்; இரண்டு நாள் கோயில், நான்கு நாள் ஊர், மறுபடி கோயில் என்று போகும்போது ஊர் கோயிலை விளக்குகிறது. பயோனின் வெளிச்சுற்றுக்கு இப்போது கூரை இல்லை. அன்று தூறலில் சுவர் நனைந்து கறுத்திருந்தது. ஈரத்தில் கோடுகள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. போருக்குக் கீழேயுள்ள வரிசையில் ஊர் வாழ்க்கை நடக்கிறது. சந்தையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து மீன் விற்கிறார்கள்; சேவல்களை எதிரெதிரே பிடித்துக்கொண்டு இருவர் குனிந்திருக்கிறார்கள்; ஒருத்தி பிள்ளை பெறுகிறாள்; பெரிய பானைகளில் ஏதோ வேகிறது. கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் தன் போர் வெற்றியைப் பதிக்கக் கட்டிய சுவரில் இவ்வளவு இடத்தை மீன் விற்பவளுக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

சௌ தாகுவான் என்ற சீனர் 1296ஆம் ஆண்டு ஒரு தூதுக்குழுவோடு, அன்று கெமர் தலைநகராக இருந்த அங்கோருக்கு வந்து, அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டு தங்கியிருந்தார். அங்கோர் உயிரோடு இருந்த காலத்தை நேரில் பார்த்து எழுதியவர்களில் நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய குறிப்பு மட்டுமே. பொற்கோபுரங்களைப் பற்றியும் அரசனின் பவனியைப் பற்றியும் எழுதியவர், இங்கே வணிகம் செய்வோர் பெண்களே என்றும், கடை என்று கட்டடம் எதுவும் இல்லாமல் தரையில் பாய் விரித்து விற்கிறார்கள் என்றும், சந்தை காலையில் கூடி நண்பகலில் கலைகிறது என்றும் எழுதிவைத்தார். அதற்கு அவருக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டிருக்கும். வாழையிலைக் கூடையோடு பத்து மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டுப் போகும் என் தெருவின் மிங்கை அவர் பார்த்திருந்தால் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று ஒரு செய்தி ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. முதல் பயணத்தில் எங்கள் குழுவிலும் பலர் அதை நம்பிக்கொண்டே வந்தார்கள். அது உண்மையன்று. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கட்டத் தொடங்கியவன் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னன். கல்லைச் சுமந்தவர்களும் செதுக்கியவர்களும் அந்த மண்ணின் மக்கள். சமஸ்கிருதமும் சிவனும் விஷ்ணுவும் கடல் கடந்து அங்கே போனது உண்மை. போனதை அவர்கள் தங்கள் ஏரிக்கும் காட்டுக்கும் ஏற்ப முற்றிலும் வேறொன்றாக ஆக்கிக்கொண்டதும் உண்மை. தங்கள் கொடியில் அந்தக் கோயிலை வைத்திருக்கும் மக்களின் நடுவே நின்றுகொண்டு, "இது எங்களுடையது" என்று சொல்வது அவர்கள் மனதை எவ்வளவு புண்படுத்தும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மைத் தேடிக்கொண்டு போகிறவருக்கு அங்கிருக்கும் மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

உண்மையான ஒற்றுமை தேடாமலேயே எதிரே வந்து நிற்கும். வயல்வரப்பெல்லாம் பனைமரங்கள்; தமிழ்நாட்டின் மாநில மரமான அதே பனை, அவர்கள் நாட்டின் தேசிய மரம். "த்னொட்" என்கிறார்கள். மூங்கில் ஏணியை மரத்தோடு சேர்த்துக் கட்டி ஏறி, பாளையை நசுக்கிச் சீவி, மூங்கில் குழாயில் பதநீர் இறக்குகிறார்கள்; அது காய்ந்த மாதங்களின் வேலை என்பதால் நான் பார்த்தது சாத்தி வைத்திருந்த ஏணிகளை மட்டும்தான். ஆனால் பாட்டி வீட்டு அடுக்களையில் பனைவெல்லம் இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டதும் என் கண் கலங்கியதைப் பார்த்து, பாட்டி காரணம் கேட்காமல் இன்னொரு துண்டைக் கையில் வைத்தார்.

அந்த நாட்களில்தான் ப்சும் பென் நடந்துகொண்டிருந்தது. முன்னோர்களுக்கான பதினைந்து நாட்கள், அமாவாசையில் முடியும். நம் மகாளய பட்சமும் அதே பதினைந்து நாட்கள்தான், அந்த ஆண்டு இரண்டும் அக்டோபர் 14 அன்று நிறைவடைந்தன. "பென்" என்பது "பிண்டம்" என்ற சொல்லின் திரிபு. பசியோடு அலையும் ஆவிகளுக்கு ஊசித்துளை போன்ற வாய் என்றும், அவை ஒளிக்கு அஞ்சும் என்றும் நம்புவதால், விடிவதற்கு முன் இருட்டிலேயே விகாரையைச் சுற்றி வந்து எள் கலந்த சோற்றுருண்டைகளைத் தரையில் இடுகிறார்கள். தங்களுக்கு உரியவர்கள் வந்திருக்கிறார்களா என்று ஆவிகள் ஏழு விகாரைகள் வரை தேடிப் போகும் என்பார்கள்.

அந்தப் பதினைந்தில் பன்னிரண்டாம் நாள் மாலை, வாழையிலையில் நும் அன்சொம் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி பேசத் தொடங்கினார். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிச இயக்கம் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. 1979 ஜனவரியில் அது வீழ்வதற்குள் தந்தையையும் இரண்டு தம்பிகளையும் இழந்திருந்தார். தந்தை பட்டினியில் இறந்ததாகக் கேள்விப்பட்டார். தம்பிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்பதே தெரியாது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அந்த நாட்டில் ஏறக்குறைய பதினேழு லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. விகாரைகள் மூடப்பட்டன, துறவிகளின் காவி களையப்பட்டது, இறந்தவர்களுக்குச் சோறு வைக்கவும் தடை. பேத்தி இதை மொழிபெயர்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "இது எனக்கும் இன்றுதான் தெரியும்" என்றார். அதன் பிறகு நெடுநேரம் இலை கட்டும் வேலை மட்டுமே நடந்தது. முதல் பயணத்தில் எங்கள் பேருந்து, எலும்புகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் வாட் த்மெய் நினைவிடத்தில் பத்து நிமிடம் நின்றதும், அதன் முன் சிலர் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அன்று நானும் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் அதை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

அமாவாசைக்கு முந்தைய நாள், காலை மூன்றரை மணிக்குப் பாட்டி கதவைத் தட்டினார். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். விகாரையில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் துறவிகள் வாசிப்பார்கள். பேத்தி தாளில் மூன்று பெயர்களை எழுதிவிட்டு, பாட்டி ஏதோ சொன்னதும் என் பக்கம் திரும்பி, என் வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கெமர் எழுத்தில் நான்காவதாக எழுதினார். வாசித்தபோது அது அப்பாவின் பெயர் என்று எனக்குப் புரியவில்லை. பாட்டி என் முழங்கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

பிறகு இருட்டில், வெறுங்காலோடு, விகாரையை மூன்று முறை சுற்றினோம். சோறு விரல்களில் ஒட்டிக்கொண்டு எளிதில் விழவில்லை. உதறி உதறித்தான் இட வேண்டியிருந்தது. திரும்பும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சந்தை ஓரத்தில் பெண்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். நும் பன் சொக் விற்கும் மிங் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்து, சோறு சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தோம்.